பால் குடிக்கும் பன்றிக்குட்டிக்கும் தண்ணீர் வேண்டும்



சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்பது நமக்குத் தெரியும். ஆடு, கோழி, மாடு என்று ஏதாவது ஒன்றை வளர்த்துத்தான் நம் குடும்பங்கள் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் தீபாவளிச் செலவையும் சமாளித்து வந்திருக்கின்றன. சிலர் பன்றியும் வளர்க்கிறார்கள். வேலை ஓய்வுக்குப் பின் சேமநிதிப் பணத்தில் ஓரிரு ஏக்கர் வாங்கி, மரவள்ளியும் வாழையும் போட்டு, ஓரமாக ஒரு கொட்டகையில் இரண்டு தாய்ப் பன்றிகளைக் கட்டிக்காப்பவர்களும் உண்டு.

சுகாதாரப் பகுதியில் பன்றிக்குட்டிக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். குட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் அதே வாளி, அதே பைப்பு, அதே கிணறு, அதே கைதான் வீட்டிலுள்ள குழந்தைக்கும் தண்ணீர் கொடுக்கிறது. கொட்டகையில் தண்ணீர் கெட்டால் வீட்டிலும் கெடும். ஆகவே இந்தப் பாடம் குட்டிக்கும் சேர்த்து, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பால் இருக்கும்போது தண்ணீர் எதற்கு?

"ஏன் டிரெசர் ஐயா, குட்டிதான் தாய்கிட்ட பால் குடிக்குதே, அப்புறம் அதுக்கு எதுக்குத் தண்ணி?" என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பன்றிப் பாலில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர்தான். தாய்க்கு நல்ல பால் இருந்து, குட்டி மணிக்கொரு தரம் நன்றாகக் குடித்தால், முதல் சில நாளைக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

ஆனால் ஒரே ஈற்றில் பிறந்த பத்துக் குட்டிக்கும் பால் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பலசாலிக் குட்டிகள் முன் காம்புகளைப் பிடித்துக்கொள்ளும். சோனிக்குட்டி பின்னால் தள்ளப்படும். தாய்க்குக் காய்ச்சல் வந்தாலோ, மடி கட்டிக்கொண்டாலோ எல்லாக் குட்டிக்கும் பால் குறையும். நம் நாட்டு வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, உடம்புத் தண்ணீர் மூச்சிலும் மூத்திரத்திலும் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். பிறந்த குட்டி ஒன்றேகால் கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ ஒரு கிலோ தண்ணீர். எடையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் குறைந்தாலே குட்டியின் நிலைமை மோசம். பத்தில் ஒரு பங்கு என்றால் 125 மில்லி, அதாவது அரை டம்ளர்! அரை டம்ளர் தண்ணீருக்குள் ஒரு குட்டியின் உயிர் இருக்கிறது.

இன்னொன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தாகம் எடுத்த குட்டி சும்மா இருக்காது. நீங்கள் தண்ணீர் வைக்காவிட்டால் அது தானாகவே தேடிக்கொள்ளும். தாயின் மூத்திரத்தைக் குடிக்கும். தரை கழுவின தண்ணீரைக் குடிக்கும். கால்வாயில் தேங்கியதைக் குடிக்கும். அதோடு கழிச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஆகவே கேள்வி, குட்டி தண்ணீர் குடிக்க வேண்டுமா வேண்டாமா என்பது அல்ல. நல்ல தண்ணீரைக் குடிக்க வேண்டுமா, கெட்ட தண்ணீரைக் குடிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எப்போது தொடங்குவது?

பிறந்த முதல் நாள் சீம்பால்தான் முக்கியம். முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்துவிட்டதா என்று பாருங்கள். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. ஒரு நாள் தாண்டிவிட்டால் குட்டியின் குடல் அந்தச் சக்தியை ஏற்காது. சீம்பாலுக்குப் பதிலாக எந்தத் தண்ணீரும் ஆகாது.

இரண்டாம் நாளிலிருந்து ஒரு தட்டில் சுத்தமான தண்ணீர் வையுங்கள். குட்டி ஒன்று நாளுக்குச் சில கரண்டிதான் குடிக்கும். "குடிக்கவே காணோமே" என்று எடுத்துவிடாதீர்கள். மூக்கை வைத்து முகர்ந்து, நனைத்துப் பழகுவதுதான் இந்த வாரத்துப் படிப்பு.

பத்தாம் நாள் வாக்கில் குட்டித் தீவனம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடத் தொடங்குவோம். தண்ணீர் பக்கத்தில் இல்லையென்றால் குட்டி தீவனத்தைத் தொடாது. உலர் தீவனம் ஒரு கிலோ தின்றால் இரண்டு முதல் மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும்.

பால் மறக்கடிக்கும் நாள்தான் பெரிய சோதனை. அதுவரை பாலோடு வந்துகொண்டிருந்த தண்ணீர் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. தட்டு எங்கே, குழாய் எங்கே என்று முன்பே பழகிய குட்டி பிழைத்துக்கொள்ளும். பழகாத குட்டி ஒரு நாள் முழுக்கத் தாயைத் தேடிக் கத்திவிட்டு, மறுநாள் வாடிப்போகும். வீட்டில் பால் மறக்கும் பிள்ளையைப் பார்த்த தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எவ்வளவு தண்ணீர்?

பால் மறந்த பத்துக் கிலோக் குட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். வெயில் நாளில் ஒன்றரை லிட்டர் போகும். பத்துக் குட்டி இருந்தால் ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாயை மறந்துவிடாதீர்கள். பால் கொடுக்கும் தாய்ப் பன்றிக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 லிட்டர் வரை வேண்டும். சில தாய் அதற்கு மேலும் குடிக்கும். தாய்க்குத் தண்ணீர் குறைந்தால் தீனி குறையும், தீனி குறைந்தால் பால் குறையும். காலையில் ஒரு வாளி ஊற்றிவிட்டு பெரட்டுக்கு ஓடி, மத்தியானம் திரும்பி வரும் வரை தொட்டி காய்ந்து கிடந்தால், அந்த ஈற்றுக் குட்டிகள் எப்படித் தேறும்?

எந்தப் பாத்திரம்?

சிலர் பால்மரத்துக் கோப்பையை வைத்துவிட்டு வருகிறார்கள். குட்டி மூக்கால் ஒரு முட்டு முட்டினால் அது உருண்டுவிடும். தண்ணீரும் போச்சு, படுக்கையும் நனைஞ்சு போச்சு. சிலர் பெரிய பேசினை வைக்கிறார்கள். அதில் சின்னக் குட்டி விழுந்து மூழ்கிச் சாகும்.

குட்டியின் தட்டு கனமாக இருக்க வேண்டும், அகலமாக இருக்க வேண்டும், ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சிமெண்டில் நீங்களே வார்த்துக்கொள்ளலாம். புதுச் சிமெண்டில் காரம் இருக்கும். நாலைந்து நாள் தண்ணீர் ஊற்றி, தினமும் கொட்டிக் கழுவிய பிறகு பயன்படுத்துங்கள். பெரிய மூங்கிலை நெடுக்காகப் பிளந்து, புரளாமல் இரு பக்கமும் கட்டையால் அடைத்து வைத்தாலும் போதும். நடுவில் கழுவிய கல் ஒன்றை வைத்தால் குட்டிகள் உள்ளே படுக்காது.

தாயின் தொட்டியில் குட்டி குடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. அது உயரம், ஆழமும் அதிகம். குட்டித் தட்டைத் தாயின் மூக்கு எட்டாத இடத்தில், குட்டி மட்டும் நுழையும் கம்பித் தடுப்புக்கு உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் தாய் ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டுத் தட்டையும் புரட்டிவிடும்.

பைப்பு வசதி உள்ளவர்கள், குட்டி வாயால் அமுக்கிக் குடிக்கும் நிப்பிள் குழாய் போடலாம். அதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது உயரம். குழாய் குட்டியின் தோள் உயரத்தில் இருக்க வேண்டும். பிறந்த குட்டிக்கு நான்கு முதல் ஆறு அங்குலம். குட்டி வளர வளரக் குழாயையும் ஏற்ற வேண்டும். இரண்டாவது வேகம். ஒரு நிமிடம் அமுக்கிப் பிடித்தால் 300 முதல் 500 மில்லி வர வேண்டும். சிறிய கண்டென்ஸ்டு பால் டின்னில் சுமார் 300 மில்லி பிடிக்கும். ஒரு நிமிடத்தில் அந்த டின் நிரம்பாவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பீய்ச்சி அடித்தாலோ குட்டி பயந்து ஒதுங்கிவிடும். மூன்றாவது எண்ணிக்கை. பத்துக் குட்டிக்கு ஒரு குழாய்க்குக் குறையக் கூடாது. ஒன்று அடைத்தாலும் மற்றது கைகொடுக்கும்படி இரண்டு இருப்பது நல்லது. முதல் சில நாள் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகும்படி விட்டால், குட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டு வந்து பழகும்.

வெயிலில் கிடக்கும் ரப்பர் பைப்பில் உள்ள தண்ணீர் மத்தியானம் கை வைக்க முடியாதபடி சுடும். குட்டி அதைத் தொடாது. பைப்பை நிழலில் இழுங்கள், அல்லது மண்ணில் புதையுங்கள். முதலில் வரும் சுடுதண்ணீரைத் திறந்து விட்டுவிட்டுப் பிறகு தட்டை நிரப்புங்கள்.

எந்த இடத்தில் வைப்பது?

பன்றி அசுத்தப் பிராணி என்று நாம் சொல்கிறோம். ஆனால் போதிய இடம் கொடுத்தால் அது படுக்கும் இடத்தில் கழியாது. ஈரமான மூலையைத்தான் கழிப்பதற்குத் தேர்ந்தெடுக்கும். ஆகவே தண்ணீர் வைக்கும் மூலையும் படுக்கும் மூலையும் எதிரெதிராக இருக்கட்டும். படுக்கை நனையக் கூடாது. பிறந்த குட்டியின் உடம்பில் கொழுப்பு இல்லை. முதல் நாட்களில் அதற்கு 30 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். மழை இரவில் நனைந்த சாக்கில் படுத்த குட்டி விறைத்துப்போகும். இல்லையென்றால் சூடு தேடித் தாயின் அடியில் போய் நசுங்கும்.

தட்டு இருக்கும் இடத்தில் தரை சரிவாக இருந்து, சிந்தும் தண்ணீர் கால்வாய்க்கு ஓடிவிட வேண்டும். அந்தக் கால்வாய் அண்டை வீட்டு வாசலுக்கோ, கம்பத்து மக்கள் குளிக்கும் ஆற்றுக்கோ போகக் கூடாது. பக்கத்தில் மலாய்க்காரக் குடும்பங்கள் இருக்கும் இடத்தில் இது வெறும் சுகாதாரம் மட்டும் அல்ல, அண்டை அயலாருக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதையும் ஆகும். பன்றி வளர்க்க உரிமம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும். ஊராட்சி மன்றத்திலும் கால்நடை இலாகாவிலும் விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எந்தத் தண்ணீர்?

நீங்கள் குடிக்கத் துணியாத தண்ணீரைக் குட்டிக்கும் வைக்காதீர்கள். இதுதான் சுலபமான சட்டம். பைப்புத் தண்ணீர் நல்லது. மூடிய தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீரும் ஆகும். கிணற்றுத் தண்ணீர் என்றால், கிணறு மேட்டுப் பக்கமும் கொட்டகை பள்ளப் பக்கமும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 100 அடியாவது தூரம் இருக்கட்டும். சாணமும் மூத்திரமும் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் சேர்வது கண்ணுக்குத் தெரியாது.

சந்தேகமான தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைக்கலாம். அல்லது வாசனை சேர்க்காத பிளீச், நூற்றுக்கு 5 பங்கு பலம் உள்ளது, லிட்டருக்கு இரண்டு சொட்டு வீதம் கலந்து அரை மணி நேரம் வைத்திருந்து கொடுக்கலாம். பத்து லிட்டர் வாளிக்கு 20 சொட்டு. கலங்கல் தண்ணீரில் பிளீச் சரியாக வேலை செய்யாது. முதலில் தெளிய வைத்துத் துணியில் வடிகட்டுங்கள்.

தோட்டத்து மக்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. களைக்கொல்லி மருந்து வந்த டின்னையும், ஸ்டோரிலிருந்து வந்த ஆசிட் தோம்பு, அமோனியாத் தோம்பையும் எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்குப் பயன்படுத்தாதீர்கள். "நல்லாத்தான் கழுவினேன்" என்ற பேச்சு இங்கே எடுபடாது. பாரகுவாட் மருந்தை மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டார்கள். அதன் பழைய டின் எங்காவது மூலையில் கிடந்தால், அது இன்னும் விஷம்தான். மருந்து அடித்துவிட்டு வந்த கையோடும் அதே உடுப்போடும் குட்டித் தட்டைத் தொட வேண்டாம். குளித்துவிட்டுப் போங்கள்.

இன்னொரு ஆபத்து பலருக்கும் தெரியாது. ரப்பர் பைப்பின் நுனியைத் தொட்டித் தண்ணீருக்குள் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறோம். அந்த நேரம் பார்த்துப் பைப்பில் தண்ணீர் நின்றுவிட்டால், தொட்டியில் உள்ள அழுக்குத் தண்ணீரைப் பைப்பு திருப்பி உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி தண்ணீர் வரும்போது அந்த அழுக்கு உங்கள் சமையலறைக் குழாயில் வரும். பைப்பு நுனி எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலேயே இருக்க வேண்டும்.

தினமும் கழுவுங்கள்

குட்டிகள் தட்டிலேயே கழியும், மூத்திரம் பெய்யும், தீவனத்தைக் கொட்டிக் குழப்பும். பழைய தண்ணீரின் மேல் புதுத் தண்ணீரை ஊற்றுவது கழுவுவது ஆகாது. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை தட்டைக் கவிழ்த்துக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். விரலால் தடவினால் வழவழ என்று இருக்கக் கூடாது. அந்த வழவழப்பில்தான் கிருமி குடியிருக்கிறது. இரண்டு தட்டு வைத்துக்கொண்டு, ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றதை வெயிலில் காய வைத்தால் இன்னும் நல்லது.

கழிச்சல் கண்டால்

குட்டியின் வால் பக்கம் ஈரமாக, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒட்டியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். கழிச்சலில் குட்டி சாவது பெரும்பாலும் உடம்புத் தண்ணீர் வற்றுவதால்தான். கண் குழி விழும். தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மடிப்பாகவே நிற்கும். இந்த அடையாளம் மனிதக் குழந்தைக்கும் பொருந்தும். தாய்மார்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தகத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கும் அளவு கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். வெதுவெதுப்பாகத் தட்டில் வையுங்கள். குடிக்கத் தெம்பில்லாத குட்டிக்கு ஊசி கழற்றிய சிரிஞ்சால் வாயோரமாகச் சிறுகச் சிறுக, ஒரு வேளைக்கு 10 மில்லி போல, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் விடுங்கள். மல்லாத்திப் பிடித்து ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கரைத்த மருந்து 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

பொட்டலம் கிடைக்காவிட்டால், "வீட்டில் பிள்ளைக்குக் கலக்குவதுபோல் சீனி உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. பிறந்த முதல் இரண்டு வாரத்துக் குட்டியின் குடல் சீனியைச் செரிக்காது. கழிச்சல் இன்னும் அதிகமாகும். சீனிக்குப் பதில் குளுக்கோஸ் பவுடர்தான் போட வேண்டும்.

மனிதக் குழந்தைக்கு இந்தத் தடை இல்லை. வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைவசம் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சீனியும், அரைக் கரண்டி உப்பும் கரைத்து, ஒவ்வொரு முறை கழிந்த பிறகும் கொடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் கால் கப் முதல் அரைக் கப் வரை, அதற்கு மேற்பட்ட வயது என்றால் அரைக் கப் முதல் ஒரு கப் வரை. உப்பு கூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பன்றிக்குட்டிக்கு இரண்டாம் நாளே தண்ணீர் என்று படித்துவிட்டு, யாரும் கைக்குழந்தைக்குத் தண்ணீர் புகட்டிவிடாதீர்கள். நம் குழந்தைக்கு ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர், சீனித் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். எவ்வளவு வெயில் அடித்தாலும் வேண்டாம். அடிக்கடி மார்பில் போடுங்கள், அதுவே தாகத்துக்கும் பசிக்கும் போதும். அந்த வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பாலை நிறுத்தாமல் உடனே கிளினிக்குக்குத் தூக்கி வாருங்கள்.

குட்டிக்கு இரத்தக் கழிச்சல் கண்டாலும், ஒரே ஈற்றில் பல குட்டி ஒரே நாளில் விழுந்தாலும், ஒரு நாளில் கழிச்சல் நிற்காவிட்டாலும் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்கோ கொடுத்து மிச்சமான மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்க வேண்டாம்.

காய்ந்த தொட்டியின் ஆபத்து

பைப்பு உடைந்தது, அல்லது எல்லோரும் ஒரு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டோம். தொட்டி ஒரு நாளுக்கு மேல் காய்ந்து கிடந்தது. திரும்பி வந்ததும் பாவம் பார்த்து ஒரு தோம்பு தண்ணீரை ஊற்றிவிட்டோம். பன்றிகள் வயிறு முட்டக் குடித்தன. சற்று நேரத்தில் ஒன்று குருடுபோலச் சுவரில் முட்டுகிறது. ஒன்று நாய்போல உட்கார்ந்து தலையைப் பின்னால் இழுக்கிறது. ஒன்றுக்கு வலிப்பு.

இதற்குப் பெயர் உப்பு விஷம். தண்ணீர் இல்லாதபோது உப்பு உடம்பில் ஏறி, மூளையிலும் ஏறிவிடுகிறது. திடீரென்று தண்ணீர் நிறைய உள்ளே போனால், உப்பு ஏறிய மூளை தண்ணீரை இழுத்து வீங்கிவிடுகிறது. கருவாட்டுக் குழம்பு, கீச்சாப்பு, ஊறுகாய் கலந்த சாப்பாட்டுக் கடை மிச்சத்தைப் போடுகிறவர்களின் பன்றிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும்.

ஆகவே காய்ந்த தொட்டியைக் கண்டால் ஒரேயடியாக நிரப்பாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். பத்துக் கிலோக் குட்டிக்கு மணிக்கு ஒரு தரம் 50 மில்லி, அதாவது பெரிய கரண்டியால் மூன்று கரண்டிபோல. உடனே கால்நடை இலாகாவைக் கூப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே போகும் நாளில் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். "அண்ணி, மத்தியானம் ஒரு வாளி தண்ணி ஊத்திடுங்க" என்ற ஒரு வார்த்தையில் ஒரு ஈற்றே பிழைக்கும்.

வீட்டாருக்கு வரும் வியாதிகள்

1998 செப்டம்பரில் ஈப்போ பக்கத்தில் பன்றிப் பண்ணையாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரத் தொடங்கியது. முதலில் அதைக் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்து, கொசுவுக்குப் புகை அடித்தார்கள். நோய் நிற்கவில்லை. பன்றிகளை லாரியில் ஏற்றிச் சென்றதோடு நோயும் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வரை போனது. 1999 மார்ச்சில்தான் அது புதிய கிருமி என்று கண்டார்கள். சுங்கை நீப்பா என்ற கிராமத்தின் பெயரால் அதற்கு நீப்பா என்று பெயர் வந்தது. மலேசியாவில் 265 பேருக்குக் கண்டு, 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பும் அதோடு போயிற்று.

அந்தக் கிருமி பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது. கொட்டகை ஓரத்துப் பழமரங்களில் வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக்குப் போனது என்பதே ஆராய்ந்தவர்களின் முடிவு. ஆகவே மாமரம், ஜம்பு மரத்துக்குக் கீழே குட்டியின் தண்ணீரை வைக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடியும் கொட்டகைக்குக் கூரையும் இருக்கட்டும். பன்றிகள் பலமாகக் குரைப்பதுபோல் இருமி, மூச்சு வாங்கி, உடம்பு வெட்டினால் தொடாமல் இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் உண்மையில் இருக்கவே இருக்கிறது. அதன் கிருமி பன்றியின் உடம்பில் பெருகி, கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. கொட்டகையைச் சுற்றித் தேங்கும் தண்ணீரில் ஒரு வாரத்துக்குள் கொசு உண்டாகிவிடும். சிந்திய தண்ணீரை ஓடவிடுங்கள், குழியை மூடுங்கள்.

எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். பன்றியின் மூத்திரத்தாலும் வரலாம். காலில் உள்ள வெடிப்பு, கையில் உள்ள கீறல் வழியாகக் கிருமி புகுந்துகொள்ளும். கீறல் வழியாகப் பன்றியிடமிருந்து புகும் இன்னொரு கிருமி மூளைச்சவ்வைத் தாக்கிக் காதைச் செவிடாக்கும். பால்மரம் வெட்டுகிறவர் கையில் கீறல் இல்லாத நாள் உண்டா? ஆகவே கொட்டகைக்குள் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். புண்ணைக் கட்டி, கையுறை போட்டுக்கொண்டு போங்கள். காய்ச்சலும் தலைவலியும் கண்டு கிளினிக்குக்கு வரும்போது, "நான் பன்றி வளர்க்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நோயும் மறைந்து வளரும்.

நினைவில் வைக்க

1. முதல் நாள் சீம்பால். இரண்டாம் நாளிலிருந்து தண்ணீர்.
2. தட்டு கனமாக, அகலமாக, இரண்டு அங்குல ஆழத்துக்குள்.
3. தண்ணீர் ஒரு மூலை, படுக்கை எதிர் மூலை.
4. காலையும் மாலையும் கொட்டி, தேய்த்து, புதுத் தண்ணீர்.
5. கொட்டகை வாளி கொட்டகைக்கு, வீட்டு வாளி வீட்டுக்கு. நிறம் வேறாக வாங்குங்கள்.
6. மருந்து டின்னும் ஆசிட் தோம்பும் எந்நாளும் ஆகாது.
7. காய்ந்த தொட்டியை ஒரேயடியாக நிரப்பக் கூடாது.
8. கொட்டகையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தை வெட்டி, கொட்டகைக் கதவில் ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். தண்ணீர் வைப்பதற்குப் பெரிய செலவு இல்லை. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் போதும். அந்த இருபது நிமிடத்தைக் கணக்குப் பார்த்தால், கழிச்சல் வந்த பிறகு மருந்துக்கும் டாக்டருக்கும் அலையும் நாட்கள் நமக்குத்தான் நஷ்டம்.

உங்கள் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்